இர்ஃபானாவும் சந்தனம் பட்ட ஹார்ட் டிஸ்க்கும்

ராஜபாளையத்தில் நவாஸ் செல்போன் கடை என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். ஆனால் அந்தக் கடைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் நவாஸிடம் நிற்க மாட்டார்கள். அவனைத் தாண்டி, திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அவன் வீட்டுக்காரி இர்ஃபானாவிடம் போவார்கள். கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க்கிலிருந்து போட்டோ, கணக்கு, கல்யாண வீடியோ என்று உள்ளே கிடப்பதையெல்லாம் எடுத்துக் கொடுப்பது அவள் தொழில். கம்ப்யூட்டரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இர்ஃபானாவைத் தெரியும், அதனால் சொல்கிறேன்.

கிருஷ்ணன்கோவில் காலேஜுக்கு பஸ்ஸில் போய்ப் படித்தவள். படிப்பு முடிந்ததும் டீச்சர் வேலைக்குப் போகச் சொன்னார் அவள் அத்தா அபுபக்கர். இவளோ மதுரைக்குப் போய், இந்த ஹார்ட் டிஸ்க் வேலை செய்கிற கடையில் சேர்ந்துகொண்டாள். பெண் பார்க்க வந்தவர்களிடம், "நகையெல்லாம் உங்க இஷ்டம். எனக்கு ஒரு மேசையும் கதவு வச்ச ரூமும் வேணும்" என்று சொன்னாளாம். கடையில் ரூம் எடுக்க இடமில்லை என்று நவாஸ் திரை மாட்டிக் கொடுத்தான். யார் வந்தாலும், "இதுதான் எங்க வீட்டுக்காரவிய கட்டுன ரூமு" என்று அந்தத் திரையைத் தூக்கிக் காட்டுவாள்.

அவளிடம் எனக்குப் பிடித்தது, வராததை வராது என்று சொல்லிவிடுவாள். ஒருமுறை ஒரு பெரிய மனிதர் மேசையைத் தட்டிக் கத்தினார். "தகடே கீறிப்போச்சு சார். இனி யார்கிட்டக் கொடுத்தாலும் வராது" என்று அந்த ஹார்ட் டிஸ்க் பெட்டியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தாள். அதனால்தான் அவள் வரும் என்று சொன்னால் நம்பலாம்.

என் மகன் பாண்டிச்செல்வம் சோழபுரத்தில் மைக் செட் வைத்திருக்கிறான். எங்கள் ஊர் அம்மன் பொங்கலுக்கு வருசா வருசம் அவன்தான் கட்டுவான். முளைப்பாரியைச் சுற்றிப் பெண்கள் கும்மி கொட்டும்போது குழாய் ஸ்பீக்கரில் பாட்டு ஓடும். கொட்டுகிற கைக்குப் பாட மூச்சு இருக்காது. அதற்காகவே எங்கள் தெருப் பெண்களை உட்கார வைத்துப் பாடச் சொல்லி, அத்தனை பாட்டையும் கம்ப்யூட்டரில் பதிந்து வைத்திருந்தான். அந்தப் பாட்டுகள் வேறு எங்கேயும் கிடையாது.

இந்த வருசம் ஆயுத பூசை அன்று கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க்குக்கும் சந்தனம் குங்குமம் வைத்தான். தொழில் அதில்தானே இருக்கிறது என்று கொஞ்சம் தாராளமாகவே வைத்தான். தண்ணீரும் தெளித்தான். ஈரம் காய்வதற்குள், சாமி பாட்டு போடுகிறேன் என்று சுவிட்சைப் போட்டான். புஸ்ஸென்று ஒரு சத்தம். பொசுங்கின வாடை. அவ்வளவுதான்.

ஊரில் அம்மன் பொங்கலுக்கு நாள் குறித்துச் சாட்டியாகிவிட்டது. வருகிற செவ்வாய்க்கிழமை முளைப்பாரி. மறுபடி எல்லாரையும் உட்கார வைத்துப் பதிய நாளில்லை. நாட்டாமை சௌந்தரபாண்டியன் வீட்டுக்கே வந்து, "ஏலே பாண்டி, பாட்டு இருக்கா, இல்லையா? இல்லேன்னா டிஜே செட்டுக்காரன் சொல்லிக்கிட்டே இருக்கான், அவன வரச் சொல்லிருவேன். பொறவு அவன்தான் வருசா வருசம் கட்டுவான்" என்று சொல்லிவிட்டுப் போனார். பாண்டி சோற்றைத் தொடவில்லை. நான் அந்த ஹார்ட் டிஸ்க்கோடு அவனை இழுத்துக்கொண்டு ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினேன்.

இர்ஃபானா பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கம் பச்சைப் பலகை மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது. அதில் குங்குமம் அப்பியிருந்தது.

"யாருண்ணே இதுக்குப் பொட்டு வச்சது?"

பாண்டி தலையைக் குனிந்துகொண்டான். எனக்குக் கோபம் வந்தது. "சாமி கும்பிட்டதுனால ஒரு சாமானும் கெட்டுப் போவாது, ஆமா" என்றேன்.

"நான் சாமியச் சொல்லலையே ஆச்சி. சந்தனத்து மேலயும் குத்தமில்ல. வச்ச எடந்தான் தப்பு. ஒங்க மகன் கரண்டு ஓடுற எடமாப் பாத்து வச்சுருக்காரு."

"அப்ப எங்கதான் வைக்க?"

"மூடி மேல வைங்க. அதுக்குத்தான் எம்புட்டு எடம் கெடக்கு."

அது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

பெட்டிக்குள் பாட்டு பத்திரமாக இருக்கிறது, வெளியே இருக்கிற பலகைதான் எரிந்துபோய்விட்டது என்றாள். இதே கம்பெனி, இதே மாதிரிப் பலகை ஒன்று வேண்டும். அதோடு, இந்தப் பெட்டிக்கென்று விவரம் எழுதி வைத்த ஒரு பொடிச் சில்லு எரிந்த பலகையில் இருக்கும். அதைப் பெயர்த்து அந்தப் பலகையில் வைக்க வேண்டும். "சில்லு எரியல. வரும்" என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டதும்தான் பாண்டி தண்ணீர் குடித்தான்.

பலகைக்கு அவளே போன்மேல் போன் போட்டாள். கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடையில், பில் போட்டுப் போட்டு ஓய்ந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று மூலையில் கிடப்பது தெரிந்தது. பஸ்ஸில் போய்ப் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டாள். "பால்கோவா எங்க?" என்று நவாஸ் கேட்டதற்கு, "ரூமு எங்க?" என்றாள்.

சில்லை மாற்றுகிறபோது மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு கம்பியை மாட்டினாள். பெட்டிக்குள் விர்ரென்று சுற்றுகிற சத்தம் கேட்டது. உள்ளே இருந்ததை அப்படியே வேறொரு பெட்டிக்கு இறக்கினாள். பாண்டி மானிட்டரை எட்டிப் பார்த்தான்.

"என்னம்மா இது, ஒண்ணுலயும் பேரே இல்ல? வெறும் நம்பரால்ல இருக்கு?"

"கரண்டு பட்டுன்னு நின்னதுல, பேரு எழுதியிருந்த எடம் மட்டும் கெட்டுப் போச்சுண்ணே. பாட்டு இருக்குல்ல? ஒவ்வொண்ணாக் கேட்டுப் பேரு வச்சுருவோம். எனக்கு ஒங்க ஊருப் பாட்டு தெரியாது. ஆச்சி, நீங்க பக்கத்துல உக்காருங்க."

அவள் போடுவாள், நான் சொல்வேன், அவள் தட்டுவாள். சினிமாப் பாட்டும் கல்யாண மேளமும் கலந்து வந்தன. தூக்கித் தள்ளினோம். நடுவில் வளையல் பாட்டு வந்தது. அந்தப் பாட்டில் அம்மன், சந்தைக்குப் போய் வளையல் கேட்பாள். வளையல்காரன் காசு கேட்பான். பேர் சொல்ல எனக்கு முதல் வரியே போதும். இர்ஃபானா நிறுத்தவில்லை.

"பொறவு என்ன செஞ்சா? காசு கொடுத்தாளா?"

"அவ எங்க கொடுத்தா! வளையலையும் அவனையே தூக்கிச் சுமக்க வச்சால்ல."

முழுப் பாட்டையும் ஓட விட்டுவிட்டாள். பாண்டி வாசலுக்கும் திரைக்குமாக நடந்தான். "யம்மா, செவ்வாக்கெழம வந்துரும் போலருக்கே!"

எல்லாம் கிடைத்தது. முளைப்பாரி தூக்குகிற பாட்டு மட்டும் பாதியில் கரகரவென்று இழுத்து நின்றது. அவள் பல தடவை முயன்றாள். பிறகு கையை எடுத்துவிட்டாள். "இது இம்புட்டுத்தான் ஆச்சி. மிச்சம் வராது."

"பாதிப் பாட்ட வச்சுக்கிட்டு என்னம்மா செய்ய?" என்றான் பாண்டி.

"வந்த பாதியப் போடுங்க. மிச்சத்தப் பாட ஆளா இல்ல ஒங்க ஊர்ல?"

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் குழாயில் பாட்டு ஓடியது. பெண்கள் கும்மி கொட்டினார்கள். இர்ஃபானாவும் நவாஸும் வண்டியில் வந்து, ஆம்பிளிஃபயர் பக்கத்தில் நின்றார்கள். முளைப்பாரியைத் தலையில் ஏற்றும்போது கடைசிப் பாட்டைப் போட்டான் பாண்டி. அறுபடுகிற இடம் வருவதற்கு முன்பே சத்தத்தை மெல்லக் குறைத்தான். அந்த இடத்தில் நாங்கள் பாட்டைப் பிடித்துக்கொண்டோம். கும்மிதான் நின்றுவிட்டதே, மூச்சு இருந்தது. பாடிக்கொண்டே முளைப்பாரியைக் கரைக்கக் கம்மாய் வரைக்கும் போனோம்.

நாங்கள் திரும்பி வந்தபோது சௌந்தரபாண்டியன் ஆம்பிளிஃபயர் பக்கம் வந்து பாண்டியைப் பிடித்தார்.

"ஏலே, கடைசிப் பாட்டுல நடுவுல சத்தம் கொறஞ்சுதே, என்ன?"

பாண்டி என்னைப் பார்த்தான், இர்ஃபானாவைப் பார்த்தான். "குழாய்ச் சத்தம் கம்மாய் வரைக்கும் எட்டாதுல்ல மாமா, அதான்" என்றான்.

"அப்ப அடுத்த வருசம் கம்மாய்க் கரையிலயும் ரெண்டு குழாயக் கட்டு" என்று சொல்லிவிட்டு அவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு நடந்தார்.