பாதரசம் காணாமற்போன வாரம்

தத்துவத்தில் எம்.ஏ. பட்டம் பெற்ற ஒருவர், வெற்றிலையில் தடவிய மையை உற்றுப் பார்த்துத் திருடனைத் தேடியதை நான் கண்டிருக்கிறேன். ஐம்பதுகளின் இறுதியில், இராமநாதபுரத்தில் நான் அறிவியல் ஆசிரியனாக இருந்த உயர்நிலைப் பள்ளியில், தலைமையாசிரியரின் அறையிலேயே அது நடந்தது. மை போடுபவனைச் சாயல்குடிப் பக்கத்திலிருந்து வரவழைத்திருந்தார்கள். காணாமற்போனது ஆய்வுக்கூட அலமாரியில் இருந்த ஒரு பவுண்டு பாதரசம்.

"உப்புத் தண்ணில கெடந்த கை ஒண்ணு தெரியுது சாமி," என்றான் அவன்.

அது போதுமாயிருந்தது. எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர் வாலிநோக்கத்து உப்பளத்தில் இருபது ஆண்டுகள் உழைத்துவிட்டு வந்தவர். இதை வாசலிலேயே யாரோ அவன் காதில் போட்டிருப்பார்கள் என்பது எம்.ஏ. படித்த தலைமையாசிரியருக்குத் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பாதரசம் வராவிட்டால் உதவியாளருக்கு வேலை இல்லை என்று அறிவித்தார்.

நான்கு நாட்கள் இருந்தன. உதவியாளர்மீது கொண்ட இரக்கத்தைவிடத் தலைமையாசிரியர்மீது கொண்ட இளக்காரமே என்னைத் தூண்டியது. பாடப்புத்தகத்தை மூடிவைத்து, இந்தத் திருட்டை நாமே ஆராய்வோம் என்று பள்ளியிறுதி வகுப்பு மாணவர்களிடம் சொன்னேன். தடயங்களைக் கொண்டு குற்றம் ஆராயும் முறைகளைப் பற்றிச் சென்னையில் படித்த காலத்தில் வாசித்திருந்தேன். விளக்குக் கரியை மெல்லிய தூரிகையால் அலமாரிக் கண்ணாடியில் பூசச் செய்தேன். உலகில் எந்த இரு விரல்களின் ரேகையும் ஒன்றல்ல என்று முழங்கினேன். மாணவர்கள் ஒவ்வொருவராகத் தாளில் விரல் பதித்துக் கொடுத்தார்கள்.

கண்ணாடியில் தெரிந்த பதிவுகளுள் ஒன்றில் ரேகையே இல்லை. வழவழப்பான கறை மட்டும் இருந்தது. நிலக்கிழார் ஒருவரின் மகன் துள்ளிக் குதித்தான்.

"சார், கோடே இல்லாத கை! யாருதுன்னு நான் சொல்லவா?"

உதவியாளர் தாமாகவே முன்வந்து விரல்களை விரித்தார். "என் கைதான் சார். கோடெல்லாம் உப்பு தின்னுருச்சு."

வாசலில் நின்றிருந்த தலைமையாசிரியர் மகிழ்ந்துபோனார். "பாத்தீங்களா சார்? நம்ம மையும் உங்க சயின்ஸும் ஒரே ஆளத்தான் காட்டுது!"

அதற்குப் பதில் சொன்னவள் கடைசி வரிசையில் இருந்த மீனவர் வீட்டுப் பெண்.

"சார், தெனமும் அவருதான அந்தக் கண்ணாடியத் தொடைக்காரு? அவரு கை அங்கன இல்லாட்டித்தான சந்தேகப்படணும்?"

வகுப்பு சிரித்தது. அந்த ஒரு வாக்கியத்தை எட்டுவதற்கு என் இரண்டு பட்டங்களும் உதவவில்லை.

தரையைப் பார்க்கச் சொன்னவளும் அவளே. அலமாரியின் அடியில், சிமெண்டு வெடிப்பில், பாதரச மணிகள் கிடந்தன. எடுத்தவர் சிந்திவிட்டு, கையால் அள்ள முயன்றிருக்கிறார். பாதரசம் பட்டால் தங்கம் வெளுத்துவிடும் என்பதை மறுநாள் செய்துகாட்டினேன். அதற்காக என் மனைவி தன் தோட்டின் உடைந்த திருகைக் கொடுத்தாள். இந்தத் தை மாதத்தில் அவள் காலமானாள். அந்த வாரத்தில் நடந்ததை முழுவதும் அறிந்தவள் அவள் ஒருத்தியே. அவளும் இல்லாததால் எழுதவேண்டியிருக்கிறது. வெள்ளிபோல் ஆகிவிட்ட திருகை மாணவர்கள் கைமாற்றிப் பார்த்தார்கள். இனி வெளுத்த தங்கத்தைத் தேடவேண்டியதுதான் என்பது எல்லோருக்கும் விளங்கியது.

தேடும் சிரமம் நேரவில்லை. வெள்ளிக்கிழமை, எங்கள் விசாரணையைப் பார்வையிடப் பள்ளியின் தாளாளர் வந்தார். பெரிய நிலச்சுவான்தார். பாதரசத்தைக் கட்டி மணியாக்கி இடுப்பில் அணிந்தால் நூறு வயது நிச்சயம் என்று ஒரு சாமியார் சொன்னதை ஊர் முழுவதும் சொல்லித் திரிந்தவர். அலமாரியின் மாற்றுச் சாவி அவரிடம்தான் இருந்தது. மேசைமேல் ஊன்றிய அவரது வலக்கையில், மோதிரம் பாதி மஞ்சளாகவும் பாதி வெள்ளையாகவும் இருந்தது.

"ஏலே, கள்ளன் ஆம்புட்டானா?" என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டார்.

நாற்பது பேரும் மோதிரத்தைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"முடிவு காண இயலவில்லை," என்றேன்.

அதையே செய்முறை ஏட்டில் எழுதவும் சொன்னேன். முப்பத்தொன்பது பேர் எழுதினார்கள். அந்தப் பெண் மட்டும் மோதிரம்வரை கண்டதையெல்லாம் ஒழுங்காக எழுதி, முடிவு என்ற தலைப்பின்கீழ் இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள். முழுமை பெறாத பதிவு என்று குறித்து இரண்டு மதிப்பெண் குறைத்தேன்.

மாலையில் தாளாளரைத் தனியே சந்தித்து, அவருடைய மோதிரத்தைப் பற்றி மிகப் பணிவாக ஒரு சொல் சொன்னேன். அவர் கையை மேல்துண்டுக்குள் இழுத்துக்கொண்டார். உதவியாளரின் குற்றம் மன்னிக்கப்பட்டது, அவர் பணியில் தொடரலாம் என்று திங்கட்கிழமை சுற்றறிக்கை வந்தது. அதை வெற்றி என்று எண்ணி, நானே ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் சென்றேன்.

அவர் இருமுறை வாசித்தார். "எடுக்காததுக்கு எதுக்கு சார் மன்னிப்பு?"

"வேலை போகலையே, அதைப் பாருங்க."

"திருடன்னுல்ல எழுதிக் குடுத்திருக்காங்க. நான் உப்பளத்துக்கே போறேன் சார். அங்கன காலுதான் புண்ணாகும்."

நான் மறுத்துப் பேசவில்லை. பேசினால் யார் எடுத்தது என்பதைச் சொல்லவேண்டியிருக்கும். அவருக்கும் அது தெரிந்திருந்தது. அலமாரியைத் திறந்துவிட்டுச் சாவியை மேசைமேல் வைத்தார்.

"எல்லாம் சரியா இருக்கான்னு ஒருதரம் பாத்துக்கங்க சார்."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் பட்டியலை விரித்தேன். புட்டி புட்டியாக, அவர் அங்கேயே நின்றுகொண்டிருக்க, கடைசித் தட்டுவரை சரிபார்த்தேன்.