வீட்டில் கேட்டுவிட்டு வாங்கிய வில்

பாடி மேம்பாலத்தருகே ஒரு விளையாட்டுச் சாமான் கடை. கேரம் போர்டுகளுக்குப் பின்னால் இரு முனையிலும் சக்கரம் வைத்த ஒரே ஒரு காம்பவுண்டு வில் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை வில்வித்தைப் போட்டிக்கு எனக்கு அதுதான் வேண்டும்.

கடைக்கார பாய் என் கைகளை விரிக்கச் சொல்லி அளந்தார். வில்லின் சக்கரத்தைத் திருகி என் கை நீளத்துக்குச் சரிசெய்து கொடுத்தார்.

"இஸ்த்துப் பாருங்க மேடம். அம்பு இல்லாம நாணை மட்டும் உட்றாதீங்க, வில்லு ஒடைஞ்சிரும்."

இழுத்தேன். நாண் கன்னத்தருகே கச்சிதமாக வந்து நின்றது. மெதுவாகத் தளர்த்தித் திருப்பிக் கொடுத்தேன்.

"வீட்ல கேட்டுட்டு வரேன் பாய்."

என் வீட்டில் கேட்பதற்கு ஆள் கிடையாது. நூம்பலில் தனியாக இருக்கிறேன்.

எதிரே இருந்த பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து அதே வில்லை ஆன்லைனில் தேடினேன். கொஞ்சம் மலிவு. ஆர்டர் போட்டேன்.

பேருந்து வருவதற்குள் பாய் கடை வாசலுக்கு வந்து, கையில் போனோடு என்னைக் கூப்பிட்டார். போனேன்.

"ஆன்லைன்லயும் நாமதான் விக்கிறோம் மேடம். இப்பதான் இந்த வில்லுக்கு ஆர்டர் வந்துகீது. நூம்பல் அட்ரஸு, லேடீஸ் பேரு. நீங்கதானே?"

தலையாட்டினேன்.

"ஊட்ல இன்னா சொன்னாங்க?"

கேரம் போர்டுகளை எண்ணுவதுபோல் பார்த்தேன். அவரே சொன்னார்: "கேன்சல் பண்ணிடுங்க. அதே வெலைக்கு இப்பவே எடுத்துகினு போங்க."

வில் இப்போது மடியில் இருக்கிறது, பேருந்தில் வருகிறேன். ஆர்டரை ரத்து செய்ய ஆப் காரணம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. 'கடைக்காரர் முகத்தைப் பார்த்துவிட்டேன்' என்று ஒரு காரணம் அதில் இல்லை.

நீங்களாக இருந்தால் எதை டிக் செய்வீர்கள்?