மாலையோடு இறங்கினேன்

எங்கள் வீட்டில் முதலில் படித்தவனும் பட்டாளத்துக்குப் போனவனும் நான்தான். ஜம்முவில் இருந்தபோது, ‘அப்பா சீரியஸ்’ என்று தந்தி வந்தது. இறந்துவிட்டால்தான் ஊரிலிருந்து அப்படித் தந்தி கொடுப்பார்கள் என்பது எங்கள் பட்டாளத்தில் எல்லோருக்கும் தெரியும். ரயிலில் வழியெல்லாம் அழுதேன். திருப்பதியில் ரோஜா மாலை வாங்கிக்கொண்டு, பஸ் ஏறி வடமாலபேட்டையில் இறங்கினேன். டீக்கடையில் நின்றிருந்த அக்கா வீட்டுக்காரர் ஓடிவந்து மாலையைப் பிடுங்கி வேலிக்கு அப்பால் எறிந்தார்.

“நைனா உன் பேரச் சொல்லிக்கினு உசுரோட கீறாரு. மாலையோட வந்து நிக்கிறியே, நீயெல்லாம் இன்னாடா படிச்ச?”

வீட்டில் படுத்திருந்த நைனா என்னை அடையாளம் கண்டுகொண்டார். “சோறு துன்னியாடா?” என்று மெதுவாகக் கேட்டார். என் கையால் இரண்டு வாய் பால் குடித்தார். மறுநாள் போய்விட்டார்.

யாருக்கு முடியவில்லை என்று தந்தி வந்தாலும், இப்போதெல்லாம் சாத்துக்குடி வாங்கிக்கொண்டுதான் புறப்படுகிறேன்.