அக்கா வரைந்த அக்கா

அக்கா பள்ளிக்கூடத்தில் ட்ராயிங் டீச்சர். கணக்குப் பாடம் முடியவில்லை என்றால் முதலில் பறிபோவது அவளுடைய வகுப்புதான். கேட்டால், எடுத்துக்கொள்ளட்டுமே, பரீட்சைக்கு நானா பதில் சொல்லப்போகிறேன் என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானாக இருந்தால் ஸ்டாஃப் ரூமை இரண்டாக்கியிருப்பேன்.

முகம் வரையச் சொல்லிக்கொடுக்கும்போது அவள் முதலில் போடச் சொல்வது குறுக்கே ஒரு மெல்லிய கோடு. இரண்டு கண்ணும் அதில் உட்கார வேண்டும். வாய்க்கென்று கீழே இன்னொரு கோடு. ஏறியதை இறக்கி, இறங்கியதை ஏற்றி, ஊரார் பிள்ளைகள் வரைந்த கோணல் முகங்களையெல்லாம் வருஷக்கணக்கில் நேராக்கியவள்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளித்தாள். தண்ணீர் ஒரு பக்கமாகவே வழிந்தது. முகத்தின் வலது பாதி தொங்கிவிட்டது, அந்தப் பக்கத்துக் கண் மூடவில்லை. நரம்புக் கோளாறு, பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும், சிலருக்கு அப்படியே நின்றுவிடுவதும் உண்டு என்றார் டாக்டர். அக்கா வீட்டுக்காரர், அதாவது என் மாமா, முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார். தினமும் எழுந்ததும், இன்றைக்குப் பரவாயில்லையே என்பார். ஊரிலிருந்து போனில் பேசும் அம்மாவுக்கு முகமா தெரிகிறது? அவளும் நன்றாகத் தேறிவிட்டாய் என்பாள்.

முகம் நேரானால்தான் வகுப்புக்குப் போவேன் என்று அக்கா லீவை நீட்டிக்கொண்டே போனாள். யார் பேச்சையும் நம்ப அவளுக்கு மனசு வரவில்லை. அலமாரிக் கண்ணாடி முன்னால் ஸ்டூலைப் போட்டுத் தன்னையே வரைய ஆரம்பித்தாள். எங்கள் எல்லோரையும் வரைந்திருக்கிறாள், தன்னை ஒருதரம்கூட வரைந்ததில்லை. என்ன திடீரென்று எனக் கேட்டேன். கூப்பிட்டதும் முகம் கோணாமல் வந்து உட்கார வேறு யார் இருக்கிறார்கள் என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். பாதிதான் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை படங்களையெல்லாம் தேதிவாரியாகத் தரையில் பரப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டாள். படத்துக்குப் படம் உதட்டோரம் ஏறிக்கொண்டே வந்திருந்தது. கடைசிப் படத்தில் கிட்டத்தட்ட பழைய அக்கா. உன் மாமா சொன்னது பொய்யில்லை, நாளைக்கே பள்ளிக்கூடம் போகிறேன் என்றாள். நான் திரும்பி அவளைப் பார்த்தேன். பக்கத்தில் நின்றவளின் உதடு முதல் நாள் எங்கே இருந்ததோ அங்கேயேதான் இருந்தது.

எப்படிச் சொல்வது என்று நான் தவித்துக்கொண்டிருக்கும்போதே அவள் கடைசிப் படத்தை எடுத்துப்போய்க் கண்ணாடியில் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க எல்லாரும் சேர்ந்து ஏமாத்தினீங்க, சரி," என்றாள். "என் கையுமா?"

நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை குறுக்குக் கோடு போடவில்லை. பென்சிலை நீட்டிப் பிடித்து, மூட முடிந்த கண்ணை மூடி, மூடாத கண்ணால் அளந்தாள். அந்தக் கண்ணில் தண்ணீர் வழிய வழிய, துண்டால் துடைத்துவிட்டு வரைந்தாள். தொங்கின கன்னம், இழுத்த வாய், வாயோரத்து ஈரம், எதையும் விடவில்லை.

சாயங்காலம் மாமா வந்தார். செருப்பைக் கழற்றுவதற்குள் படத்தை நீட்டினாள். மாமா கெட்டவர் இல்லை, மனசுக்குப் பிடித்தவள் கஷ்டப்படுவதைப் பார்க்கத் தெம்பில்லாதவர், அவ்வளவுதான். தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இதை யாருக்கும் காட்டாதம்மா."

"ஏன்? நல்லா வரலையா?"

"அப்படியே நீயா இருக்கு," என்றார் மாமா, அவள் முகத்தைப் பார்க்காமல்.