வாக்குவம் க்ளீனரும் நீல டிரம்மும்

போன செவ்வாய்க்கிழமைக்கு முந்தின செவ்வாய்க்கிழமை நான் ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சண்டை போடப் போனேன்.

ஆமாம், சண்டைதான். ‘ஆசிரியரைச் சந்தித்து விளக்கம் கேட்டேன்’ என்றெல்லாம் பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை. போர்ட் பிளேரில் கப்பல் டிக்கெட் கவுன்ட்டருக்குள் உட்கார்ந்துகொண்டு ஜனங்களிடம் திட்டு வாங்குவது என் உத்தியோகம் என்று வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். டிக்கெட் இல்லை என்றால் திட்டு. கப்பல் ரத்தானால் திட்டு. கடல் கொந்தளித்தால் அதற்கும் நானே காரணம். அன்று அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு மாறுதலுக்கு நான் திட்டக் கிளம்பினேன்.

கையில் என் மகள் வினோதினியின் விடைத்தாள். பன்னிரண்டாம் வகுப்பு. முழுப்பரீட்சைக்கு முன்னால் பள்ளியிலேயே வைக்கிற மாதிரித் தேர்வு. பாடம்... ப்ராடக்ட் டிசைன்.

அப்படிக்கூட ஒரு பாடமா என்று கேட்கிறீர்களா? நானும் கேட்டேன். நாம் புழங்குகிற சாமான்களை எப்படி உருவாக்குவது, எது கைக்கு வசதி, எது இடைஞ்சல் என்று யோசிக்கக் கற்றுக்கொடுக்கும் படிப்பாம். வினோ ஆசைப்பட்டு எடுத்தாள். இதில் நல்ல மார்க் வாங்கினால், தீவுப் பிள்ளைகளுக்கென்று மெயின்லேண்டு காலேஜ்களில் ஒதுக்கும் சீட்டுகளில் டிசைன் சீட்டு ஒன்று கிடைக்க வாய்ப்புண்டு. அதற்காக இரண்டு வருஷமாக உயிரைக் கொடுத்துப் படிக்கிறாள்.

ஆனால் பரீட்சையில் ஒரு திருகாணியைத் தொட வேண்டாம். ஒரு அட்டையை வெட்டி ஒட்ட வேண்டாம். மூன்று மணி நேரம் உட்கார்ந்து கட்டுரை எழுத வேண்டும். கட்டுரை முடிந்தால் அடுத்த கட்டுரை, அது முடிந்தால் இன்னொன்று! நீச்சல் பரீட்சையை பெஞ்சில் உட்கார வைத்து நடத்துகிற மாதிரி இல்லை?

சரி, தொலையட்டும். மாதிரித் தேர்வில் வந்த இருபது மார்க் கேள்வி இது: ‘நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஒரு வீட்டுப் பொருளை எடுத்துக்கொண்டு, அதன் நிறைகுறைகளை ஆராய்ந்து, மேம்படுத்தும் வழிகளை எழுதுக.’

வினோ ஆறு பக்கம் எழுதியிருந்தாள். கிடைத்தது மூன்று மார்க். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி — ‘கைடில் உள்ள பாயின்ட்ஸ் இல்லை.’

கைடில் என்ன இருக்கிறது? வாக்குவம் க்ளீனர் இருக்கிறது. இந்தக் கேள்விக்கு விடையாக, பதினான்கு பாயின்ட்டுகளுடன், முன்னுரை முடிவுரை சகிதம் ஒரு வாக்குவம் க்ளீனர் படுத்துக் கிடக்கிறது. குட்வில் எஸ்டேட்டில் எங்கள் வரிசையில் எந்த வீட்டிலாவது நீங்கள் ஒரு வாக்குவம் க்ளீனரைக் காட்டிவிட்டால், நான் வேலையை ராஜினாமா செய்துவிடுகிறேன். எங்களுக்குத் தெரிந்தது தென்னந்துடைப்பம். கரன்ட் போனாலும் அது பெருக்கும்.

அந்தப் பதினான்கு பாயின்ட்டுகளை எத்தனை நாள் உருப்போட்டோம் தெரியுமா! ‘போட்டோம்’ என்று பன்மையில்தான் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் நாலரை, ஐந்துக்கே பளிச்சென்று விடிந்துவிடும். தண்ணீர் விடுகிற நாளாக இருந்தால் அந்த வேளைக்குக் குழாயில் சத்தம் கேட்கும்.

“வினோ! பானி வந்துருச்சு, ஜல்தி வா!”

அவள் ஹோஸைக் குழாயில் மாட்டுவாள். நான் ஒரு கையால் அதன் மறுமுனையை டிரம்முக்குள் பிடித்துக்கொண்டு, மறு கையில் கைடை விரித்துக் கேள்வி கேட்பேன்.

“அஞ்சாவது பாயின்ட்?”

“யூசர் ஃப்ரெண்ட்லி.”

“ஆறாவது?”

“ஏஸ்தெடிக்ஸ்... அழகுணர்ச்சி. அம்மா, இதுல தூசி எந்தப் பக்கமா உள்ள போகும்?”

“அது எனக்கெப்படிடீ தெரியும்? ரட்டா அடி, போதும்.”

உருப்போடுவதற்கு எங்கள் தீவு இந்தியில் அதுதான் பெயர். ரட்டா. இங்கே தமிழ், வங்காளி, தெலுங்கு, மலையாளி எல்லா வீட்டிலும் பிள்ளைகள் ஒரே பாஷையில் ரட்டா அடிக்கிறார்கள். அவளும் அடித்தாள். தலைகீழாகச் சொல்லச் சொன்னால் தலைகீழாகச் சொல்வாள்.

அப்படிப்பட்டவள் பரீட்சையில் அதை எழுதவில்லை. மூன்று மார்க்கைப் பார்த்ததும் எனக்கு முதலில் அவள் மேல்தான் கோபம் வந்தது. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், நன்றாகவே கத்தினேன்.

“தெரிஞ்சத எழுதாம எதுக்குடீ வேற எதையோ கிறுக்கி வச்ச?”

“கேள்விய படிச்சியாம்மா? ‘நீங்கள் தினமும் பயன்படுத்தும்’னு இருக்கு. நாம வாக்குவம் க்ளீனரா யூஸ் பண்றோம்?”

கோபத்தோடு விடைத்தாளை வாங்கிப் படித்தேன். அவள் எழுதியிருந்தது எங்கள் வீட்டு நீல டிரம்மைப் பற்றி.

போர்ட் பிளேரில் நீல டிரம் இல்லாத வீடு உண்டா? தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற ஊரில் அதுதான் வீட்டின் மூத்த பிள்ளை. இத்தனை வருஷம் அதோடு குடித்தனம் நடத்திய எனக்குத் தெரியாததையெல்லாம் எழுதியிருந்தாள். டிரம்மின் உயரம் அம்மாவின் இடுப்பளவு. பாதிக்குக் கீழே தண்ணீர் இறங்கினால் அம்மா விளிம்பில் வயிற்றை அழுத்திக் குனிகிறாள். அடியில் ஒரு சாண் தண்ணீரை மொள்ளவே முடியாது. சாய்த்துத்தான் எடுக்க வேண்டும். போன வருஷம் அப்படிச் சாய்த்தபோதுதான் அம்மா இடுப்பு பிடித்துக்கொண்டு பத்து நாள் படுத்துக் கிடந்தாள். அடியில் படியும் பாசியைத் தேய்க்க, கழுவுகிறவர் தலையை உள்ளே விட வேண்டியிருக்கிறது. துளை போட்டுக் குழாய் வைத்தால் ஒழுகுகிறது; ஏனென்றால் அந்த இடத்தில் பிளாஸ்டிக் வளைந்திருக்கிறது.

அடுத்து ஒரு வரி எழுதியிருந்தாள். அதை இரண்டு தடவை படித்தேன். ‘இது தண்ணீர் பிடிப்பதற்காகச் செய்த பொருளே அல்ல. தொழிற்சாலைக்கு ஏதோ திரவத்தை அடைத்து அனுப்பச் செய்தது. வேலை முடிந்தபின் எங்களிடம் வந்திருக்கிறது.’

அதற்குப் பிறகு அவளுடைய யோசனைகள். ஒரு பக்கம் சரிந்த அடித்தட்டு. குழாய் பொருத்தத் தட்டையாக ஓர் இடம். அடியைத் தேய்க்க, கீழ்ப்பக்கமாகக் கை முழுசாக உள்ளே போகிற ஒரு மூடி. பக்கத்தில் ஒரு படமும் போட்டிருந்தாள். கேள்வியில் கேட்காத படம்.

நண்பர்களே, இதற்கு மூன்று மார்க்!

எனக்குக் கொதித்தது. கொதித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் கணவர் வீட்டார் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து கச்சால் தீவுக்கு ரப்பர் பால் வெட்டும் வேலைக்கு வந்து குடியேறியவர்கள். சுனாமியில் அங்கே வீடு போன பிறகு நாங்கள் போர்ட் பிளேருக்கு வந்து, தகரக் கொட்டகையில் இருந்தோம். சுவரும் தகரம், கூரையும் தகரம். மத்தியானம் உள்ளே கால் வைக்க முடியாது. நிவாரணமாக வந்த துணிமூட்டையைப் பிரித்தால் கம்பளி ஸ்வெட்டர். அந்தமானில்! அனுப்பியவர்கள் நல்ல மனசோடுதான் அனுப்பினார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அப்போது பத்து வயசுகூட ஆகாத வினோ, கொட்டகைக்கு வெளியே நிழலில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள், “இத கட்டுனவங்க மத்தியானத்துல இதுக்குள்ள ஒருநாள் இருந்து பாத்தாங்களாம்மா?”

அன்றைக்கே அவள் டிசைன் படிக்க ஆரம்பித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். அந்தப் பெண்ணுக்கா பாயின்ட்ஸ் இல்லை?

ஆக, அந்தச் செவ்வாய்க்கிழமை. டவுன் பஸ்ஸில் வழியெல்லாம் வசனம் தயார் செய்துகொண்டே போனேன். ஆசிரியர் அறையில் ஜெயந்தி மிஸ் தனியாக உட்கார்ந்து நோட்டு திருத்திக்கொண்டிருந்தார். முப்பது வயசு இருக்கும். லாங் ஐலண்ட்காரர், அங்கிருந்து போட்டில் வந்து, ஹாஸ்டலில் தங்கிப் படித்து வேலைக்கு வந்தவர். எழுந்து நின்று, “வாங்க அக்கா, பைட்டியே” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் கோபம் பாதியாகிவிடும், கவுன்ட்டரில் பார்த்திருக்கிறேன்.

“இது என்ன மிஸ் நியாயம்? பிள்ளை சொந்தமா யோசிச்சு எழுதியிருக்கு. வாக்குவம் க்ளீனர்னு எழுதலேன்னு மார்க்க வெட்டுவீங்களா? நீங்க வாக்குவம் க்ளீனர பாத்திருக்கீங்களா மொதல்ல?”

“இல்லக்கா.”

“கிளாஸ்ல வேற யாராச்சும்?”

“ஒருத்தரும் இல்ல. எல்லாரும் அதத்தான் எழுதியிருக்காங்க. ஒரு எழுத்து மாறாம.”

“அதுக்குப் பேரு டிசைனா? ஃபால்து! வெட்டி வேலை!”

இன்னும் என்னென்னவோ சொன்னேன். பக்கத்து வகுப்பில் பாடம் நின்று போனது எனக்குக் கேட்டது. நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் ஜெயந்தி மிஸ் மேசை டிராயரைத் திறந்து ஒரு ஜெராக்ஸ் கட்டை எடுத்து வெளியே வைத்தார். கைடு. சுழல் கம்பி பைண்டிங், மேலே மஞ்சள் அட்டை.

“இது யாரு கொண்டாந்து குடுத்ததுக்கா?”

இங்கே உங்களிடம் நான் ஒன்று சொல்லியாக வேண்டும். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை.

அதைக் கொடுத்தது நான்.

பாடம் புதிது, புத்தகம் சரியாக வரவில்லை என்று போன வருஷம் பெற்றோர் கூட்டத்தில் பேச்சு வந்தது. எழுந்து நின்று பேசியது யார்? உங்கள் பத்தி எழுத்தாளர்தான். “மெயின்லேண்டு பிள்ளைங்க கைடு வச்சுப் படிக்குது. நம்ம பிள்ளைங்க என்ன பண்ணும்? மாடல் ஆன்சர் குடுங்க. அதுல இருந்து தப்பாம எழுத வைங்க” என்று முழங்கினேன். கை தட்டினார்கள். சென்னையிலிருக்கும் என் தம்பியிடம் சொல்லி, கப்பலில் வருகிற ஒருவரிடம் கொடுத்தனுப்பச் சொன்னேன். அபர்டீன் பஜாரில் நின்று வகுப்பு மொத்தத்துக்கும் ஜெராக்ஸ் எடுத்தேன். மிஸ்ஸுக்கு மட்டும் தனியாக மஞ்சள் அட்டை போட்டு, பைண்டிங் செய்து, பெருமையாகக் கொண்டு போய்க் கொடுத்தேன். மெயின்லேண்டில் அச்சான எதையும் நாங்கள் கேள்வி கேட்பதில்லை. அரிசி, சிமென்ட், ஸ்வெட்டர், கைடு... கப்பலிலிருந்து இறங்கினால் சரியாகத்தான் இருக்கும்.

நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“கோச்சுக்காதீங்க அக்கா” என்றார் மிஸ். “வினோ எழுதுனது அச்சா இருக்கு. எனக்குத் தெரியாதா? எங்க வீட்லயும் அதே நீல டிரம்தான். ஆனா ஃபைனல் பேப்பர திருத்தப்போறது நானா? மெயின்லேண்டுக்குப் போகுது. அங்க இருக்குற வேல்யுவருக்கு இங்க பானி ஒருநாள் விட்டு ஒருநாள் வர்றது தெரியுமா? டிரம்முக்கு எதுக்குக் கட்டுரைன்னு கேப்பாரு. பிள்ளைக்கு சீட்டு போச்சுன்னா, மே க்யா கரூங்கி? நான் என்ன பண்ணுவேன்? அதான் இப்பவே பயமுறுத்தி வச்சேன்.”

விடைத்தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பஸ்ஸில் வரும்போது கோபம் திரும்ப வந்தது. யார் மேல் என்றுதான் பிடிபடவில்லை. தீவைப் பார்க்காமலே விடைத்தாளைத் திருத்தப்போகும் அந்த முகம் தெரியாத ஆள் மேலா? பயந்துபோன மிஸ் மேலா? மஞ்சள் அட்டை போட்ட மகராசி மேலா?

வீட்டில் வினோ காத்திருந்தாள். முழுப்பரீட்சைக்கு இன்னும் மூன்று நாள்தான்.

“என்னம்மா சொன்னாங்க? அதே மாதிரி கேள்வி வந்தா நான் எத எழுதட்டும்?”

நீங்கள் என்ன எதிர்பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். ‘உன் டிரம்மையே எழுது கண்ணே’ என்று கட்டிக்கொண்டிருப்பேன் என்றுதானே? இல்லை. எனக்கு சீட்டு கண்ணில் நின்றது.

“வாக்குவம் க்ளீனரே எழுதிரு வினோ. ஒரு தடவதான? எழுதிட்டுப் போயிரு. காலேஜுக்குப் போயி உன் இஷ்டத்துக்கு எழுது.”



“அப்ப பள்ளிக்கூடத்துல போயி எதுக்கும்மா கத்துன?”

அடுத்த இரண்டு நாளும் அவள் கைடை எடுத்துக்கொண்டு தானே நடந்து நடந்து படித்தாள். தண்ணீர் வந்த காலையில் நானே ஹோஸை மாட்டி, நானே டிரம்மை நிரப்பினேன். பாயின்ட் கேட்க அவள் என்னைக் கூப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை பரீட்சை முடிகிற நேரத்துக்குப் பள்ளி வாசலில் போய் நின்றேன். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். கேள்வி வந்துவிட்டதாம், கிட்டத்தட்ட அதே கேள்வி, வாக்குவம் க்ளீனரை அப்படியே இறக்கிவிட்டார்களாம். வினோ கடைசியில் வந்தாள்.

“எழுதிட்டியா?”

“டிரம்தாம்மா எழுதினேன்.”

வாசலென்றும் பார்க்காமல் என் குரல் உயர்ந்துவிட்டது. “படிச்சுப் படிச்சு சொன்னேனேடீ! திருத்துறவருக்கு நம்ம ஊரு பானி கதையெல்லாம் எங்கடீ தெரியப்போகுது?”

“தெரியாதுதான். அதான் மொத வரியிலயே எழுதிட்டேன், எங்க ஊர்ல தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும்னு.”

ஆசிரியர் அறையில் அவ்வளவு நேரம் பேசித் தீர்த்த இரண்டு பெரிய மனுஷிகளுக்கும் இது தோன்றவே இல்லை!