சித்தி போட்ட பாரிஸ் திட்டம்

எங்கள் வீட்டுக்குள் பாரிஸ் நகரம் நுழைந்தது சிமெண்ட் மூட்டைகளின் புண்ணியத்தில்தான். சிதம்பரத்தில் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து சிமெண்ட், கம்பிக் கடை வைத்திருந்தார்கள். அப்பா கல்லாவில் உட்கார்ந்திருப்பார். சித்தப்பா மோட்டார் சைக்கிளில் காட்டுமன்னார்கோயில் வரைக்கும் ஊர் ஊராகப் போய், வீடு கட்டுகிறவர்களையும் கொத்தனார்களையும் பிடித்து ஆர்டர் வாங்கி வருவார். நான் நான்காம் வகுப்பு படித்த வருடம் அது, 2008 என்று நினைவு. சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் மாடி கட்டும் ஆசை வந்துவிட்டதோ என்னவோ, எங்கள் கடையில் மூட்டைகள் தங்கவே இல்லை. சிமெண்ட் கம்பெனிக்காரர்கள் மகிழ்ந்துபோய், நன்றாக விற்ற வியாபாரிகளுக்குப் பரிசு அறிவித்தார்கள். பாரிசில் நான்கு நாள் சுற்றிப் பார்க்கலாம். இரண்டு பேருக்கு.

எங்கள் வீட்டில் பெரியவர்கள் நான்கு பேர். யார் அந்த இரண்டு பேர் என்ற பேச்சு எழும் முன்பே அப்பா முடித்துவிட்டார்.

"வெயில்ல அலைஞ்சவன் அவன்தான். கல்யாணம் ஆயி எங்கயும் போவவும் இல்ல. அதுங்க ரெண்டும் போயிட்டு வரட்டும்."

"எனக்கு எதுக்கு பாரிசு? திருப்பதி மலைக்கு பஸ் ஏறினாலே எனக்கு வாந்தி வருது" என்றாள் அம்மா. ஆனாலும் கம்பெனியில் சொன்னார்கள் என்று நான்கு பேருமே பாஸ்போர்ட் எடுத்து வைத்தார்கள். போட்டோவில் அம்மா, யாரோ அதட்டி உட்கார வைத்ததுபோல் இருந்தாள்.

சித்தி அதற்கு முந்தைய வருடம்தான் பண்ருட்டியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுடைய அப்பா முந்திரி வியாபாரி. கடலூரில் காலேஜில் இங்கிலீஷ் படித்தவள். எனக்கு அவள் பாதி சித்தி, பாதி கூட்டாளி. பாரிஸ் என்று முடிவானதும் என்னையும் அழைத்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போனாள். ஊர் வரைபடத்தை நான்கு தாள்களில் பிரிண்ட் எடுத்து, வீட்டில் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டி, பீரோ கதவில் மாட்டினாள். சாயங்காலம் கடை சாத்திவிட்டு அப்பாவும் சித்தப்பாவும் வந்தால், இட்லித் தட்டோடு எல்லோரும் அந்தப் பீரோ முன்னால்தான் உட்காருவோம்.

முதல் மூன்று நாளும் கம்பெனிக்காரர்களே பஸ்ஸில் வைத்து அழைத்துப் போவார்கள். டவர், அரண்மனை, மியூசியம் எல்லாம் அவர்கள் கணக்கு. கடைசி நாள் மட்டும் அவரவர் இஷ்டம். அந்த ஒரு நாள் சித்தியின் சொத்து. காலையில் பழைய மாதா கோயில், பிறகு ஆற்றங்கரையிலேயே நடை, நடுவில் ஒரு கடையில் தெருவைப் பார்த்து உட்கார்ந்து காபி, இருட்டிய பிறகு படகு.

"காப்பி குடிக்கிறது ஒரு வேலையாம்மா?" என்று அப்பா கேட்டார்.

"அங்க அதுதான் மாமா பெரிய வேலையே."

"இவ சொல்றத எல்லாம் ஒரே நாள்ல பாத்தா, நாலாவது நாள் என்னை தூக்கிக்கிட்டுதான் வரணும்" என்றார் சித்தப்பா.

எதை விட்டாலும் படகை விடக்கூடாது என்பதில் சித்தி உறுதியாக இருந்தாள். இரண்டு கரையிலும் விளக்கு எரியும், பாலங்களுக்கு அடியில் புகுந்து புகுந்து படகு போகும் என்று அவள் சொல்லும்போது, ஏற்கெனவே போய் வந்தவள் சொல்வது போலவே இருக்கும். அம்மாவுக்குப் படகைப் பற்றி அக்கறை இல்லை. அந்த ஊரில் சோறு கிடைக்குமா என்பதுதான் அவள் கவலை. பருப்புப்பொடியும் தட்டையும் போதாது, புளிக்காய்ச்சலும் வேண்டும் என்று முடிவு செய்து, ஒத்திகையாக ஒருநாள் கொஞ்சம் கிண்டினாள். அந்த வாசனை வந்ததும் சித்தி வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். புளிக்காய்ச்சல் கெட்டுவிட்டது என்று நான் நினைத்தேன். அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே பின்னால் போனாள்.

கடலூரில் பார்த்த டாக்டரம்மா, கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், விமானம் எல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சித்திக்கு அதில் வருத்தமே இருந்ததாகத் தெரியவில்லை. "பாரிசு எங்கயும் ஓடிப் போவாது" என்றாள். கம்பெனியில் சொல்லி, அப்பா பெயரும் அம்மா பெயரும் மாற்றப்பட்டன. அம்மாவுக்குத்தான் காய்ச்சல் வராத குறை.

அதற்குப் பிறகு சித்தி வாத்தியாரம்மா ஆகிவிட்டாள். தலையணையை முதுகுக்கு வைத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தபடி, பீரோ கதவைக் காட்டிக் காட்டி அம்மாவுக்குப் பாடம் நடத்துவாள். எங்கே இறங்க வேண்டும், எந்தப் பாலத்துக்குப் பக்கத்தில் படகுத்துறை, எந்தப் பக்கம் உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும். நன்றி சொல்ல 'மெர்சி' என்று சொல்லிக்கொடுத்தாள். அம்மா அதைப் பால்காரரிடம் சொல்லிப் பார்த்தாள். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, மறுநாள் பால் வரவில்லை. சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏய், மெதுவா சிரிடி, உள்ள இருக்கறது பயந்துக்கப் போவுது" என்று அம்மா அவளை அதட்டினாள்.

விசா வந்துவிட்டது. சித்தியின் வயிறும் கொஞ்சம் வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா என்னை உள்ளே அழைத்து உட்கார வைத்து, கேட்காமலே முறுக்கு கொடுத்தாள். சித்தியைக் கடலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருப்பதாகச் சொன்னாள். பாப்பாவோடு வருவார்கள் என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாப்பா வரவில்லை. இரண்டு மூன்று நாள் கழித்து சித்தி மட்டும் வந்தாள். காதில் பஞ்சு வைத்து, தலையைச் சுற்றிக் கம்பளித் துணியால் கட்டியிருந்தார்கள். அம்மா அவளுக்குப் பூண்டுக் குழம்பும் பத்தியச் சோறும் தனியாகச் சமைத்தாள். குழந்தை பெற்றவர்களுக்குத்தான் அப்படிச் சமைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் பாப்பாவை எங்கோ விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு மத்தியானம் தட்டு எடுக்கப் போனபோது சித்தியின் ரவிக்கை முன்பக்கம் ஈரமாக இருந்தது. தண்ணீர் குடிக்கும்போது சிந்திக்கொண்டாள் போலிருக்கிறது என்று துண்டு எடுத்து வந்து நீட்டினேன். அம்மா என் கையிலிருந்து துண்டைப் பிடுங்கி, "வெளிய போயி வெளையாடு" என்று கதவைச் சாத்தினாள்.

மறுநாள் காலையில் அப்பா என்னை ஸ்கூட்டரில் பள்ளிக்கு அழைத்துப் போனார். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. நல்ல யோசனை என்றே பட்டது.

"அப்பா, சித்தி வயித்துலதான் இப்ப பாப்பா இல்லியே. இப்ப அவுங்களே பாரிசுக்குப் போவலாம்ல?"

அப்பா வண்டியை ஓரமாக நிறுத்தினார். திட்டப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் கொஞ்ச நேரம் கைப்பிடியைப் பிடித்தபடி எதிரே போகிற பஸ்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

அன்று சாயங்காலம் அப்பா வீட்டில், "யாரும் எங்கயும் போவ வேணாம். கம்பெனிக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன்" என்றார். அம்மா தலையை ஆட்டினாள். அவளுக்கு அது பெரிய நிம்மதி என்பது எனக்கே தெரிந்தது. அறைக்குள்ளிருந்து சித்தி எழுந்து வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போயிட்டு வாங்க மாமா. நான்தான் போவல. என் பிளானாவது போவட்டும்."

"வேணாம்மா. மனசு வரல."

"நீங்க போவலன்னா அந்த மேப்பைத் தெனமும் நான்தான் பாத்துக்கிட்டு கெடக்கணும்."

சித்தப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

அம்மாவின் பெட்டியைச் சித்திதான் அடுக்கினாள். பீரோவிலிருந்து வரைபடத்தைக் கிழியாமல் பிரித்து எடுத்து, மடித்து அம்மாவின் கைப்பையில் வைத்தாள். "கடைசி நாள் படகு, மறந்துடாதக்கா" என்றாள். அம்மா கிளம்பும்போது அழுதாள். தூரத்துப் பயணம், அதனால் பயப்படுகிறாள் என்று சித்தி எனக்குச் சொன்னாள்.

அந்த நாட்களில் சித்திதான் எனக்குத் தலை பின்னி, சாப்பாடு கட்டி அனுப்பினாள். அவள் அதிகம் பேசவில்லை. ஆனால் ஜடை பின்னும்போது மட்டும், "இப்ப உங்க அம்மா தூங்குவாங்க", "இன்னைக்கு அரண்மனை வாசல்ல கியூவுல நிப்பாங்க" என்று தனக்கே சொல்லிக்கொள்வதுபோல் சொல்வாள். கடைசி நாள் ஜடை இறுக்கமாகப் பின்னினாள். "இன்னைக்கு ராத்திரி படகு" என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சித்தி மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். மத்தியானம் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். அம்மா. அவள் குரலை அதற்கு முன்பும் சரி, பின்பும் சரி, நான் அப்படிக் கேட்டதில்லை. யாரோ சின்னப் பெண் பேசுவது போல இருந்தது.

"நேத்து படகுல போனோம்டி. எவ்ளோ அழகு தெரியுமா? ஆறு பூரா வெளக்கு வெளிச்சம் மொதக்குது. பாலத்துக்கு அடியில போவும்போது எல்லாரும் ஹோன்னு கத்தறாங்க, நானும் கத்தினேன். உங்க அப்பா சிரிக்கறாரு. எனக்கு அழுவையே வந்துடுச்சு. இப்படி ஒரு ஊரு இருக்குதுன்னு தெரியாமயே செத்துப் போயிருப்பேன்டி."

பிறகு சட்டென்று குரல் மாறியது. "சித்தி எங்க?"

"மாடியில துணி காயப் போடறாங்க. கூப்பிடட்டா?"

"வேணாம், வேணாம். நாங்க கெளம்பறோம்னு மட்டும் சொல்லு" என்றாள். வைத்துவிட்டாள்.

நான் இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்கு ஓடினேன். கேட்டது ஒன்றையும் விடாமல் சித்தியிடம் ஒப்பித்தேன். ஹோவென்று கத்தியதுகூட. சித்தி ஈரப் புடவையின் ஒரு முனையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அழுவ வந்துடுச்சுன்னா சொன்னாங்க?"

"ஆமா. அவ்ளோ அழகாம்."

"நல்லதாப் போச்சு" என்றாள் சித்தி. புடவையை உதறிக் கொடியில் போட்டாள்.

அப்பாவும் அம்மாவும் சென்னையில் இறங்கி, கார் பிடித்து மறுநாள் சாயங்காலம் வந்து சேர்ந்தார்கள். பள்ளியில் நான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அம்மா சொல்லப் போகும் கதைகளை அப்படியே மறுநாள் வகுப்பில் சொல்வதாக ஏற்பாடு. அம்மா பெட்டிகூடத் திறக்காமல் தரையில் உட்கார்ந்தாள். நான் சித்தியின் மடியை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். சித்தப்பா வாசற்படியில் நின்றார்.

"எப்படி இருந்துச்சுக்கா?" என்று சித்தி கேட்டாள்.

அம்மா முகத்தைச் சுளித்தாள். "என்னத்தப் போ. ஒரே குளிரு. பாக்கறதுக்கு அங்க ஒண்ணுமே இல்லடி. இவனுங்க சும்மா சொல்றானுங்க."

"டவரு?"

"நெய்வேலி சிம்னியப் பாத்தவளுக்கு அது ஒரு உசரமா? வெறும் இரும்பு."

அப்பா கேமராவைக் கையில் எடுத்தவர், "ஏன், அந்தப் படகுல போனப்ப..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க போயி மொதல்ல குளிங்க" என்றாள் அம்மா. "போட்டோ ஒண்ணும் சரியா விழல. படகாம் படகு. அந்த ஆறு நம்ம கொள்ளிடத்துல பாதி வராது. குளிர்ல பல்லு தந்தி அடிச்சதுதான் மிச்சம். எப்படா எறங்குவோம்னு இருந்துச்சு."

எனக்குத் தாங்கவில்லை. அம்மா இவ்வளவு பெரிய பொய்யை, அதுவும் எனக்கு எதிரிலேயே சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. போனில் என்ன சொன்னாய் என்று கேட்க வாயைத் திறந்தேன். சித்தி என் கையைப் பிடித்தாள். பிடித்தது வெளியே தெரியாமல், புடவைத் தலைப்புக்கு அடியில், விரல் வலிக்கும் அளவுக்கு அழுத்தினாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"அப்ப நம்ம கடைக் கம்பியத்தான் வாங்கிட்டுப் போயி டவருன்னு நிக்க வெச்சிருக்கானா?" என்றாள் அம்மாவிடம்.

"அதேதான்!"

"நல்ல வேளக்கா, நான் போவல. எனக்கு குளிரு ஒத்துக்காது."

"அதான் சொல்றேன். உனக்கு ஒண்ணும் நஷ்டம் இல்ல" என்றாள் அம்மா. நெடுநேரம் சுமந்து வந்த எதையோ இறக்கி வைத்தவள்போல் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

சித்தி சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். நெய்வேலி சிம்னி, கொள்ளிடம் என்று ஒவ்வொன்றாகத் திரும்பத் திரும்பச் சொல்லி இருவரும் சிரித்தார்கள். சித்திக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. நிறையச் சிரித்தால் கண்ணில் தண்ணீர் வரும் என்பது எனக்குத் தெரியும். எனக்கும் வந்திருக்கிறது. சிரிப்பு நின்ற பிறகும் அது ஏன் நிற்கவில்லை என்பதுதான், அவள் கைக்குள் என் விரல்கள் வலிக்க உட்கார்ந்திருந்த எனக்கு அன்று விளங்கவில்லை.