ஊருக்குச் சொல்லாத பிரசவம்

செருப்புக் கடையில் அவளுக்கு வெடுக்கு என்று பெயர். சும்மா வைத்த பெயரில்லை. வருகிறவர்கள் கடையிலுள்ள ஜோடியையெல்லாம் போட்டுக் கழற்றிவிட்டு, "அப்புறமா வர்றேம்மா" என்று எழுந்தால், "வாங்க வாங்க, வீட்ல இன்னும் ரெண்டு கால் இருந்தா அதையும் கூட்டிட்டு வாங்க" என்பாள். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். ஆனாலும் அவளை அனுப்ப மாட்டார். காலைப் பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்கிற கண் அவளுக்கு.

அந்தக் கண்ணுக்கு அவள் கால் மட்டும் தப்புமா? ஆறாவது மாதத்தில் வழக்கமான செருப்பு ஏறவில்லை. அடுத்த அளவு எடுத்தாள். கொஞ்ச நாளில் அதுவும் இறுக்கிப் பிடித்தது. வீட்டுக்கு வந்து மாமியார் முன்னால் காலை நீட்டினாள்.

"பாருங்க அத்தை. இது என்ன வளர்ற வயசா எனக்கு?"

மாமியாருக்கு வாயெல்லாம் பல். "நல்லா பூசினாப்ல இருக்கே! எல்லாம் என் கை சாப்பாடு."

அதோடு விட்டாளா? படிக்கட்டில் ஏறி இறங்குகிறவர்களையெல்லாம் நிறுத்தி, மருமகளின் ஊதிய முகத்தைத் தன் சமையலுக்குக் கிடைத்த பரிசு மாதிரி காட்டினாள். எதிர்வீட்டு டீச்சர் மட்டும் கொஞ்சம் தயங்கி, "பிரஷர் பாத்தீங்களா?" என்று கேட்டார். "உங்களுக்கு எப்பவும் பரீட்சை வைக்கிற ஞாபகம்தான்" என்று மாமியார் அந்தப் பேச்சை அங்கேயே மடக்கிப் போட்டாள். வாரம் ஒரு தடவை வந்து பிரஷர் பார்க்கச் சொல்லி டாக்டர் ஏற்கெனவே சொல்லித்தான் இருந்தார். வாராவாரம் ஆஸ்பத்திரிக்குப் போனால் இல்லாத வியாதியும் வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது மாமியாரின் வைத்திய சாஸ்திரம்.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். எந்த மாடியில் நின்றுபோன லிஃப்டையும் இறக்கிவிடுகிற கெட்டிக்காரன். அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் மட்டும் ஐயா தானே மாட்டிக்கொண்டு நிற்பார். "அம்மா மூணு பெத்தவங்க. அவங்களுக்குத் தெரியாததா?" என்பான். பெற்றது மூன்று. அதில் ஒன்று இப்படி.

ஏழாவது மாதம் முடிகிற சமயம், ஒரு நாள் கடையில் தலை பிளந்துகொண்டு வந்தது. பெட்டியில் எழுதியிருந்த எண் ரெண்டு ரெண்டாகத் தெரிந்தது. கண் ஓரத்தில் பொறி பறந்தது. கையிலிருந்த ஒற்றைச் செருப்பை வாங்க வந்தவரின் மடியிலேயே வைத்துவிட்டு, யாரையும் கேட்காமல் டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். நல்லவேளை போனாள்.

டாக்டரம்மா அவள் காலை அழுத்திப் பார்த்தார். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. "இந்தக் காலோட இவ்வளவு நாள் வீட்ல என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"காட்சிக்கு வெச்சிருந்தாங்க டாக்டர்" என்றாள் வெடுக்கு. அதுதான் அன்றைக்கு அவள் பேசிய கடைசி வார்த்தை. பிரஷர் எகிறிக் கிடக்கிறது, அடுத்த நிமிஷமே வலிப்பு வந்துவிடும் போல இருக்கிறது, குழந்தையை இப்போதே எடுத்தால்தான் ரெண்டு உயிரும் தங்கும் என்று சொல்லிக்கொண்டே அவளைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

பெண் குழந்தை. எடை ஒரு கிலோவும் சொச்சமும். கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கில் ஒரு குழாய், வாயில் ஒரு குழாய். வெடுக்கைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டுவந்து காட்டியபோது, கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தாள். கால்தான் முதலில் கண்ணில் பட்டது. பிறந்த குழந்தைக்கென்று அவள் விற்கிற செருப்பில் இப்படி மூன்று காலை வைக்கலாம். "இதுக்கு நான் என்னடி அளவு சொல்றது" என்று குழந்தையிடம் கேட்டுவிட்டு அழுதாள்.

மாமியார் ஒரே ஒரு தடவை வந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில்கூடப் போகாமல் வாசற்படியில் நின்றபடியே, "இது தங்குமா?" என்று நர்ஸைக் கேட்டாள். பெற்றவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்! அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

வெடுக்குக்குத் தையல் ஆறவில்லை, காய்ச்சல் வேறு. குழந்தைக்கு உடம்புச் சூடு வேண்டும், அப்பா சட்டையைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்காரட்டும் என்றாள் நர்ஸ். மெக்கானிக் நெளிந்தான். "இல்ல சிஸ்டர், லேடீஸ் எல்லாம் இருக்காங்க..."

"உங்க அழகைப் பாக்க இங்க யாருக்கும் நேரமில்ல. உக்காருங்க."

உட்கார்ந்தான். குழந்தையை நெஞ்சில் வைத்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலையாகிவிட்டான். "நீங்க மூச்சு விடலாம்" என்று நர்ஸ் சொல்ல வேண்டியிருந்தது. அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்ததும் நேராக வந்து, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு உட்கார்ந்துகொள்வான். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவனைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை.

மற்றவர்களைத் திட்ட வந்தது. வண்டி வண்டியாக வந்தது. பின்னே? கடையிலிருந்து ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. கூட வேலை செய்கிறவள், ஒரே டப்பாவில் சாப்பிட்டவள், அவளைக்கூடக் காணோம். டீச்சர்? பிரஷரைப் பற்றி அவ்வளவு அக்கறையாகக் கேட்டவர் இப்போது எங்கே போனார்? போன் கேட்டால், "டென்ஷன் ஆகக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காங்க, வீட்லயே இருக்கட்டும்" என்றான் புருஷன். போகட்டும், வர மனசில்லாதவர்களைப் போன் போட்டு வெற்றிலை பாக்கு வைத்தா அழைப்பது என்று அவளும் வீம்பாக இருந்துவிட்டாள். பாலைச் சொட்டுச் சொட்டாகப் பீய்ச்சிக் குழாய் வழியே விட்டாள். ஒரு நாள் எடை ஏறும், மறுநாள் இறங்கும். ரெண்டு தடவை குழந்தை மூச்சு விட மறந்தது. ரெண்டு தடவையும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து, போர்வையை வாயில் அடைத்துக்கொண்டு அவள் அழுதாள். தாய் வீடென்று ஒன்று இல்லாதவளுக்குக் கையைப் பிடித்துக்கொள்ள நாதி இல்லை.

குழந்தை தங்கியது. தானே சப்பிக் குடிக்கக் கற்றுக்கொண்டது, ரெண்டு கிலோவைத் தாண்டியது, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

அழைத்துப்போக மாமியாரும் டாக்ஸியில் வந்தாள். வண்டி கிளம்பியதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு திட்டத்தை அவிழ்த்தாள். "இதோ பாரு, டாக்டர் குடுத்த தேதி எப்படியும் கிட்ட வந்தாச்சு. குழந்தை நேத்துப் பொறந்ததுன்னு சொல்லிக்கலாம். சின்னதா இருக்கேன்னு கேட்டா, எங்க பரம்பரையே ஒல்லின்னு சொல்லிடலாம்."

பரம்பரையே ஒல்லி என்று சொன்னவள் பின் சீட்டில் முக்கால்வாசியைப் பிடித்திருந்தாள்.

"அப்படின்னா இதுவரைக்கும் யாருக்குமே சொல்லலையா?"

"எதை வெச்சுச் சொல்றது? தங்குமோ தங்காதோன்னு இருந்துச்சு. போயிருந்தா, ஊரே வரிசைகட்டி வந்து விசாரிக்கும். குறைமாசம்னு நாளைக்குக் குழந்தைக்கும் ஒரு பேரு. நீ ஓய்வுக்கு உங்க அக்கா வீட்டுக்குப் போயிருக்கேன்னு சொல்லி வெச்சிருக்கேன். கடையிலயும் அப்படித்தான்."

வெடுக்குக்கு அக்காவே கிடையாது. அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் ஜன்னல் வழியே ரோட்டைப் பார்த்தான்.

படிக்கட்டில் எதிரே டீச்சர் இறங்கி வந்தார். குழந்தையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். "அடடா! எப்பம்மா பொறந்துச்சு? நீ அக்கா வீட்லல்ல இருக்கேன்னாங்க?"

"நேத்து! நேத்துதான்!" மாமியார் முந்திக்கொண்டாள்.

டீச்சர் குழந்தையை உற்றுப் பார்த்தார். அப்புறம் மெக்கானிக்கைப் பார்த்தார். "அப்படியா தம்பி?"

அவன் அம்மாவைப் பார்த்தான். "ஆ... ஆமா டீச்சர். நேத்து."

"ஓஹோ" என்றாள் வெடுக்கு. கத்தவில்லை. "அப்படின்னா இத்தனை நாளா உங்க நெஞ்சுமேல படுத்துக் கிடந்தது யாருங்க?"

கையிலிருந்த பையை அவன் படியிலேயே வைத்தான். முகம் கோணியது. "ஏழு வாரம் ஆச்சு டீச்சர்" என்றான். "கையில எடுக்கவே பயமா இருந்துச்சு. செத்துப்போயிடும்னு நெனச்சேன். அம்மா யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்க, நானும் பேசாம இருந்துட்டேன்."

"ஏன்டா வாசல்ல நின்னு மானத்தை வாங்கறே? உள்ள வாங்க எல்லாரும்" என்றாள் மாமியார்.

டீச்சர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. "ஏம்மா, எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டார். வெடுக்கு சொன்னாள். டீச்சர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "தினம் ஸ்கூல் விட்டு அந்த வாசல் வழியாத்தானேம்மா வர்றேன். ஒரு நாள் உள்ள வந்திருக்க மாட்டேனா?"

அப்போதுதான் வெடுக்கு உடைந்தாள். மாமியாரைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"வரலையேன்னு இவங்க எல்லாரையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். இருக்குமா போகுமான்னு தெரியாம, நான் ஒருத்தியா சுவரைப் பாத்து அழுதேன். கூட உக்காந்து அழ எனக்கு ஆள் இருந்திருக்கு. நீங்க குழந்தையை இவங்ககிட்டேருந்து ஒளிச்சு வெக்கல. இவங்களை என்கிட்டேருந்து ஒளிச்சு வெச்சிட்டீங்க."